காகிதத்தில் செய்த அல்பட்ராஸ்: "சூப்பர்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்

காகிதக்குருவி எழுதியது:

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே வாசகியாக மட்டும் இருந்தேன். இன்று புலம்ப வந்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாலு மாதம் உட்கார்ந்து லேசான் அல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவை ஒன்றைக் காகிதத்தில் செய்தேன். நிஜ அளவு. சிறகு முனைக்கு முனை இரண்டு மீட்டர். இறகு ஒவ்வொன்றையும் தனியாக வெட்டி, நடுத்தண்டுக்கு ஒரு கோடு அழுத்தி, ஓரத்தை முடி முடியாகக் கீறி, கீழ் வரிசையிலிருந்து மேலே அடுக்கி ஒட்டினேன். பதினொன்றாம் நம்பர் பிளேடு எத்தனை தீர்ந்தது என்று கணக்கே இல்லை. வயிற்றை மட்டும் திறந்து வைத்தேன். உள்ளே பாட்டில் மூடி, லைட்டர், டூத் பிரஷ், வலைத்துண்டு. அவையும் காகிதம்தான், கலர் பேப்பரில் செய்தவை. பசிபிக் நடுவே மிட்வே தீவில் இந்தப் பறவைகள் பிளாஸ்டிக்கை விழுங்கிச் சாகின்றன என்று சொல்லத்தான் இவ்வளவும்.

ஒரு கூட்டுக் கண்காட்சியில் மூன்று நாள் வைத்திருந்தோம். வந்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள். "சூப்பர்", "எவ்வளவு பொறுமை", "கையால் வெட்டினதா, மெஷினா?" ஒருவர் சிறகுக்கு முன்னால் நின்று தனக்கே சிறகு முளைத்த மாதிரி போட்டோ எடுத்துக்கொண்டார். அப்புறம் அதற்கென்றே வரிசை நின்றது. வயிற்றைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டவர்கள் மூன்று நாளில் இரண்டே பேர். அதில் ஒருவர், "வயிறு இல்லாமல் ஒன்று செய்து தர முடியுமா? ஹாலில் மாட்ட வேண்டும்" என்றார்.

எங்கே தப்பு? பக்கத்தில் பெரிதாக எழுதி வைத்திருக்க வேண்டுமோ?

மடிப்பு_மன்னன் எழுதியது:

"வயிறு இல்லாமல் ஒன்று" படித்ததும் சிரித்துவிட்டேன், மன்னிக்கணும். நானும் அந்தக் கட்சிதான். கைவிடப்பட்ட மீன்வலையில் சிக்கும் கடலாமைகள் என்று நூறு ஆமை மடித்து, மேலே நிஜ வலையைப் போட்டு வைத்தேன். ஓர் அம்மா வந்து வலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இதை எடுத்துவிட்டால் நன்றாகத் தெரியுமே தம்பி" என்றார்.

வீட்டுக்குப் போய் யோசித்தால், அன்றைக்கு வந்தவர்களிலேயே உருப்படியான காரியம் செய்தவர் அவர்தான்.

கத்திமுனை எழுதியது:

நீங்கள் போட்ட படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெட்டு சுத்தம். சிறகு முனையின் நீண்ட இறகுகளின் வளைவெல்லாம் பழகிய கை. அதைச் சொல்லிவிட்டுக் குறைக்கு வருகிறேன்.

குறை எழுதி வைக்காததில் இல்லை, வயிற்றில் இருக்கிறது. சிறகை வெட்டிய அதே பாசத்தோடு பாட்டில் மூடியையும் வெட்டியிருக்கிறீர்கள். ஓரத்தில் ஒரு பிசிறு கிடையாது. மஞ்சளுக்குப் பக்கத்தில் நீலம், நடுவில் ஒரு சிவப்பு, கண்ணுக்குக் குளிர்ச்சி. பறவையும் காகிதம், அதைக் கொன்றதும் காகிதம். இரண்டுக்கும் நடுவில் பகை எங்கே இருக்கிறது? குப்பைக்கும் சேர்த்து அலங்காரம் பண்ணிவிட்டீர்கள்.

இருபது வருடமாகக் காகிதம் வெட்டுகிறவன் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன். நாம் காகிதத்தை எதன் மாதிரியாவது தெரியவைப்பதிலேயே குறியாக இருக்கிறோம். இறகு மாதிரி, செதில் மாதிரி. ஆனால் காகிதத்துக்கென்று ஒரு குணம் உண்டு. உறிஞ்சும், கறைபடும், வெயிலில் பழுக்கும், நனைந்தால் விட்டுப்போகும். நஞ்சு ஓர் உயிருக்குள் போய்ச் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான். அந்தக் குணத்தை வேலை வாங்காமல், வெறும் வடிவத்தை மட்டும் காட்டினால், பார்ப்பவர் உங்கள் கைத்திறமையைத்தான் பார்ப்பார். வேறு எதைப் பார்ப்பார்?

கடற்காகம் எழுதியது:

கலை பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது, கடற்பறவை பற்றிக் கொஞ்சம் தெரியும். நீங்கள் செய்திருப்பது வளர்ந்த பறவை. மிட்வேயில் வயிறு நிறையப் பிளாஸ்டிக்கோடு செத்துக் கிடப்பவை பெரும்பாலும் குஞ்சுகள். இது சின்னத் திருத்தம் மாதிரி தெரியும். உங்கள் கதையே இதில்தான் இருக்கிறது.

தாயும் தகப்பனும் மாறி மாறி வெகுதூரம் பறந்து, கடல் மேற்பரப்பில் கணவாயும் மீன்முட்டையும் பொறுக்கி வந்து குஞ்சின் வாய்க்குள் கக்கி ஊட்டும். பறக்கும் மீன் தன் முட்டைக் கொத்தை மிதக்கும் பொருளில் ஒட்டிவைக்கும் பழக்கமுள்ளது. முன்பெல்லாம் மிதந்தவை மரத்துண்டும் கடற்பாசியும். இப்போது பிளாஸ்டிக்கும் மிதக்கிறது. முட்டையை எடுத்தால் அதுவும் கூடவே வருகிறது. செரிக்காததைப் பெரிய பறவை கக்கிவிடும். குஞ்சோ, கணவாயின் அலகு போன்றவற்றை உருண்டையாகத் திரட்டிக் கக்குவது பறக்கத் தயாராகும் பருவத்தில்தான். அதுவரை உள்ளே போனது உள்ளேயே கிடக்கும். வயிறு நிறைந்த உணர்வு இருக்கும், சத்து இருக்காது.

இன்னொன்று. "முட்டாள் பறவை, பிளாஸ்டிக்கைத் தீனி என்று நினைத்துவிட்டது" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். மிதக்கும் பிளாஸ்டிக்கில் நுண்பாசி படிந்தால் டைமெத்தில் சல்ஃபைடு என்ற வாடை கிளம்புகிறது. கடலில் இரை இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் வாடை அதுவேதான். அந்த வாடையை நம்பி இரை தேடும் பறவையினங்கள்தான் அதிகமாகப் பிளாஸ்டிக்கை விழுங்குகின்றன என்று 2016-ல் ஓர் ஆய்வு வந்தது. கடலாமைகளும் அப்படிப் பாசி படிந்த பிளாஸ்டிக்கின் வாடைக்கு, இரையின் வாடைக்கு நடந்துகொள்வது போலவே நடந்துகொள்கின்றன என்று 2020-ல் காட்டினார்கள். மூக்கு சரியாகத்தான் வேலை செய்கிறது. கடல்தான் மாறிவிட்டது.

கிறிஸ் ஜோர்டான் 2009-ல் மிட்வேயில் எடுத்த புகைப்படங்களைப் பார்த்திருப்பீர்கள். இறந்த குஞ்சின் எலும்புக்கும் இறகுக்கும் நடுவே மூடிகளும் லைட்டர்களும். ஒரு துண்டைக்கூட இடம் மாற்றி வைக்கவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். அதற்கு முன்னால் நின்று யாரும் செல்ஃபி எடுப்பதில்லை.

காகிதக்குருவி எழுதியது:

கத்திமுனை அண்ணா, படித்ததும் கொஞ்சம் வலித்தது. ராத்திரி போய் அந்த வயிற்றை மறுபடி பார்த்தேன். நிறப் பொருத்தம் பார்த்துத்தான் அடுக்கியிருக்கிறேன், உண்மைதான். சிவப்பு மூடியை நடுவில் வைக்க அரை நாள் யோசித்தது ஞாபகம் இருக்கிறது.

கடற்காகம் அக்கா, குஞ்சு விஷயம் எனக்குத் தெரியாது. இரண்டு மீட்டர் சிறகு வேண்டும் என்ற ஆசையில் பெரிய பறவையை எடுத்துக்கொண்டேன். நன்றி.

ஆனால் காகிதத்தின் குணத்தை வேலை வாங்குவது என்றால் எப்படி? கிழித்து வைப்பதா?

மடிப்பு_மன்னன் எழுதியது:

கிழிக்க வேண்டாம். என்னிடம் ஒரு விபத்து இருக்கிறது, சொல்கிறேன்.

போன மாதம் மேசையில் நாற்பதுக்கு மேல் கடற்பறவைகள் மடித்து வைத்திருந்தேன். தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்ட கையோடு ஒன்றைத் தொட்டுவிட்டேன். சிறகில் ஒரே ஒரு புள்ளி. துடைத்தேன், போகவில்லை. அப்புறம் சாப்பிட்டு வந்து பார்த்தால் புள்ளி ஒரு நாணயம் அளவுக்கு விரிந்திருக்கிறது. அந்த இடத்தில் காகிதம் கண்ணாடி மாதிரி ஆகி, பின்னால் இருக்கும் மடிப்பெல்லாம் தெரிகிறது. மறுநாள் காலையில் சிறகு பாதி போயிருந்தது. நான் ஒன்றுமே செய்யவில்லை, அதுவாகப் பரவியது. நாற்பது பறவை வெள்ளையாக நிற்க, நடுவில் இது மட்டும் ஈரமாக, ஒல்லியாக, நோயாளி மாதிரி. குப்பையில் போட மனசு வரவில்லை. இன்னும் வைத்திருக்கிறேன்.

கத்திமுனை எழுதியது:

தம்பி, அதுதான்! நான் பக்கம் பக்கமாக எழுதியதை நீ எண்ணெய்க் கையால் செய்துவிட்டாய்.

ஏன் கண்ணாடியாகிறது என்றால், காகிதம் வெள்ளையாகத் தெரிவதற்குக் காரணமே நார்களுக்கு நடுவில் இருக்கும் காற்று. நாரும் காற்றும் மாறி மாறி வருவதால் ஒளி சிதறுகிறது. எண்ணெய் அந்தக் காற்றைத் துரத்திவிட்டு இடத்தைப் பிடிக்கிறது. எண்ணெயும் காகித நாரான செல்லுலோஸும் ஒளியை வளைக்கும் அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால் ஒளி சிதறாமல் ஊடுருவிப் போகிறது. வெள்ளை போய்விடுகிறது.

செய்ய நினைப்பவர்களுக்கு: ஆளி விதை எண்ணெய் வேண்டாம், அது காற்றில் உலர்ந்து இறுகி, மஞ்சளாகி நின்றுவிடும். மெஷின் எண்ணெய் போன்ற தாது எண்ணெய் உலராது, ஊர்ந்துகொண்டே இருக்கும். பசை ஏற்றி வழவழப்பாக்கிய தாளில் மெதுவாகப் பரவும், பூச்சில்லாத தாளில் ஓட்டமாக ஓடும். கண்காட்சி எத்தனை நாள் என்று பார்த்துத் தாளைத் தேர்ந்தெடுக்கலாம். கீழே கண்ணாடித் தட்டு வைக்காவிட்டால் மேசைத் துணியும் சேர்ந்து போகும். சொந்த அனுபவம்.

கடற்காகம் எழுதியது:

காற்றைத் துரத்திவிட்டு எண்ணெய் இடம் பிடிக்கிறது என்று படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். இறகிலும் நடப்பது அதுவேதான்!

கடற்பறவையின் இறகில் நுண்கிளைகள் கொக்கி போட்டு ஒன்றையொன்று பிடித்திருக்கும். நீர் உள்ளே வராது, அடியில் காற்று தங்கும். அந்தக் காற்றுதான் போர்வை, அதுதான் மிதவையும். எண்ணெய் பட்டதும் கொக்கிகள் ஒட்டிக்கொண்டு சிக்காகிவிடும். காற்று வெளியேறும், குளிர்நீர் தோலைத் தொடும். பறவை என்ன செய்யும்? சுத்தம் செய்ய அலகால் கோதும். கோதக் கோத எண்ணெய் வயிற்றுக்குள் போகும். 1989 மார்ச்சில் அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் எண்ணெய்க் கப்பல் தரைதட்டியபோது ஏறக்குறைய 2,50,000 கடற்பறவைகள் இறந்திருக்கும் என்று மதிப்பிட்டார்கள். கடல்நீர்நாய் சுமார் 2,800. அவற்றுக்குத் தோலடியில் தடித்த கொழுப்புப் படலம் கிடையாது, ரோமத்தில் பிடித்து வைத்த காற்றுதான் கதி.

அதனால் நாற்பது வெள்ளைப் பறவை வைத்து, தினம் ஒன்றுக்கு ஒரு சொட்டு விட்டால், யாரும் படம் பார்த்து விளக்கம் படிக்க வேண்டியதே இல்லை.

வெள்ளைத்தாள் எழுதியது:

எல்லோரும் ஆனந்தமாக இருக்கிறீர்கள், நான் கொஞ்சம் கெடுக்கிறேன்.

நாற்பது வெள்ளைப் பறவை. அந்த வெள்ளை எங்கிருந்து வந்தது? மரக்கூழ் இயற்கையில் பழுப்பு. அதை வெளுக்கப் பல்லாண்டு காலம் குளோரின் வாயுவைப் பயன்படுத்தினார்கள். அதில் டையாக்சின்கள் என்ற நச்சுப்பொருள்கள் உண்டாகி ஆலைக்குக் கீழே ஆற்றில் போய், மீனில் சேர்ந்து, மீனைத் தின்னும் பறவையில் சேர்ந்தது. 1990-களிலிருந்து பல ஆலைகள் குளோரின் டையாக்சைடுக்கு மாறின, டையாக்சின் வெகுவாகக் குறைந்தது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மீனுக்குப் பிரச்சினை வெளுப்பதில் மட்டும் இல்லை. புளோரிடாவில் காகிதக்கூழ் ஆலைக் கழிவு கலக்கும் ஓடையில் பெண் கொசுமீன்களுக்கு ஆண் மீனுக்குரிய நீண்ட துடுப்பு வளர்ந்திருந்ததை 1980-லேயே எழுதியிருக்கிறார்கள். அந்த மீனைப் பற்றி யாராவது பளபளப்பான ஆர்ட் பேப்பரில் ஓரிகாமி மடித்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

போதாததற்கு, "கடலைக் காப்போம்" என்று அட்டையில் எழுதி அதற்கு மேல் ஜிகினாத்தூள் தூவுவார்கள். ஜிகினாத்தூள் என்பது பொடியாக வெட்டிய பாலியெஸ்டர் படலம், அதாவது நுண்பிளாஸ்டிக். ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரில் உதிரி பிளாஸ்டிக் ஜிகினாவின் விற்பனையைத் தடுத்ததே அதற்காகத்தான். அப்புறம் மழை பட்டுவிடக் கூடாது என்று லேமினேஷன் வேறு. பிளாஸ்டிக் உறைக்குள் பிளாஸ்டிக் எதிர்ப்பு.

மடிப்பு_மன்னன் எழுதியது:

லேமினேஷன் விஷயத்தில் நான் குற்றவாளி. ஆமைகளுக்கு விளக்க அட்டை... வேண்டாம், விடுங்கள்.

ஆனால் இப்படிப் பார்த்தால் மூச்சு விடுவதற்கும் கணக்குக் கேட்பீர்கள் போலிருக்கிறதே. நாற்பது தாளில் எந்த ஆறு செத்துவிடும்?

வெள்ளைத்தாள் எழுதியது:

ஆறு சாகாது. நான் அளவைச் சொல்லவில்லை, நாணயத்தைச் சொல்கிறேன். பார்க்க வருபவர்களில் ஒரு கெட்டிக்காரப் பையன் "இது எதில் செய்தது?" என்று கேட்டால் பதில் வேண்டும்.

மட்டுறுத்துநர் எழுதியது:

இருவரும் நன்றாகத்தான் பேசுகிறீர்கள், "கபடம்" என்ற சொல்லை மட்டும் எடுத்திருக்கிறேன். இழை தொடரட்டும்.

கத்திமுனை எழுதியது:

வெள்ளைத்தாள் கேட்பது நியாயமான கேள்வி. நான் பயன்படுத்திய தாளைத்தான் பெரும்பாலும் எடுக்கிறேன். பழைய செய்தித்தாள், பொட்டலம் கட்டிய பழுப்புத்தாள், கணக்குப் புத்தகப் பக்கம். செய்தித்தாளில் மரத்தை இறுக்கிப் பிடிக்கும் லிக்னின் என்ற பொருள் அப்படியே இருப்பதால் வெளிச்சமும் காற்றும் பட்டு மஞ்சளாகி, நொறுங்கிப்போகும். ஓவியம் சேர்ப்பவர்களுக்கு அது பெரிய தலைவலி, அமிலமில்லாத தாள் கேட்பார்கள். நாம் பேசுகிற விஷயத்துக்கு அது வரம். ஜன்னலோரம் வைத்தால் வாரக்கணக்கில் தானாக நோய்வாய்ப்படும். பசைக்கு மாவுப்பசை போதும். பூச்சி வரும், வரட்டும்.

வகுப்பறை_டீச்சர் எழுதியது:

நடுவில் நுழைகிறேன். முதலில் அழகுக்காக ஒரு வார்த்தை பேச வேண்டும். 2008-ல் பாரிசில் பாலோ கிராஞ்சோன் என்ற சிற்பி உலக இயற்கை நிதியத்தோடு சேர்ந்து காகிதக்கூழில் 1,600 பாண்டா பொம்மைகள் செய்து வைத்தார். காட்டில் அன்றைக்கு மிஞ்சியிருந்ததாகக் கணக்கிட்ட எண்ணிக்கையே அதுதான். எல்லாம் கொழுகொழு பொம்மைகள்தான், எல்லோரும் போட்டோதான் எடுத்தார்கள். ஆனாலும் "உலகத்தில் மொத்தம் இவ்வளவுதானா, ஒரு சதுக்கத்துக்குள் அடங்கிவிட்டதே" என்று தோன்றாமல் போகாது. ஆகவே அழகின் மேல் பழி போடாதீர்கள். அங்கே எண்ணிக்கை பேசிற்று.

இப்போது என் சந்தேகம். பிள்ளைகளோடு முட்டை செய்தேன், தோற்றேன். டிடிடி பூச்சிமருந்தால் பறவை முட்டையின் ஓடு மெலிந்துபோன பாடம். ஓட்டின் கனம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலே இனம் சரியத் தொடங்கும் என்று படித்ததும் எனக்குச் சட்டென்று தோன்றியது: ஐந்து அடுக்குக் காகிதத்தில் ஒரு முட்டை, நாலு அடுக்கில் ஒரு முட்டை. ஒரே ஒரு தாள்தான் வித்தியாசம்! பலூன் மேல் செய்தித்தாள் ஒட்டிக் காயவைத்தோம். மேலே புத்தகம் வைத்தால் ஐந்தடுக்கு தாங்கியது. நாலடுக்கும் தாங்கியது. ஏழெட்டுப் புத்தகம் அடுக்கியும் உடையவில்லை. பிள்ளைகள் கைதட்டினார்கள். "டிடிடி ஒன்றும் பண்ணாது டீச்சர்" என்றான் ஒருவன்.

கடற்காகம் எழுதியது:

டீச்சர், அந்தப் பையனை எனக்குப் பிடித்திருக்கிறது.

பாடத்தோடு சேர்த்துச் சொல்ல ஒரு விஷயம்: பழுப்புக் கூழைக்கடா முட்டைமேல் வயிற்றை வைத்து அடைகாப்பதில்லை, சவ்வுள்ள பாதங்களால் முட்டையைப் போர்த்தி நிற்கும். டிடிடி உடலில் சிதைந்து டிடிஇ ஆகி, ஓட்டுக்குப் போக வேண்டிய கால்சியத்தைத் தடுத்தது. ஓடு மெலிந்தது. பிறகு தாயின் கால் பட்டே முட்டை நசுங்கியது. கலிபோர்னியாவின் அனகாபா தீவுக் கூட்டத்தில் 1970-ல் ஒரே ஒரு குஞ்சுதான் பிழைத்தது. 1972-ல் அமெரிக்காவில் டிடிடிக்குத் தடை வந்தது, பறவைகள் மெல்லத் திரும்பின. ஆகவே புத்தகம் வைக்காதீர்கள், ஒரு ஜோடி காகிதப் பாதம் வெட்டி வையுங்கள். எடையை அதற்கு மேல் ஏற்றுங்கள்.

அப்புறம் அந்தப் பலூன்... எங்கே போனது?

வகுப்பறை_டீச்சர் எழுதியது:

குப்பைக்கூடைக்குத்தான்! பறக்கவிடவில்லை, சத்தியமாக.

கடற்காகம் எழுதியது:

நம்புகிறேன். 2019-ல் வந்த ஓர் ஆய்வில், இறந்த கடற்பறவைகளைப் பரிசோதித்துவிட்டு, கெட்டிப் பிளாஸ்டிக் துண்டை விழுங்குவதைவிடப் பலூன் துண்டை விழுங்கினால் சாகும் வாய்ப்பு 32 மடங்கு என்று கணக்கிட்டார்கள். கெட்டித் துண்டு நழுவிப் போய்விடலாம், பலூன் ரப்பர் ஒட்டிக்கொண்டு குடலை அடைத்துவிடும். பறவை முட்டைப் பாடத்துக்கு அச்சாகப் பலூன் வேண்டாமே என்றுதான்.

கத்திமுனை எழுதியது:

அச்சுக்குக் களிமண் முட்டை செய்துகொள்ளுங்கள், மேலே ஈரத்தாள் ஒரு சுற்று (பசை இல்லாமல்), அதன் மேல் ஒட்டுங்கள். காய்ந்ததும் நடுவில் வெட்டி ஓட்டைக் கழற்றி, வெட்டின இடத்தைப் பட்டைத்தாளால் சேர்க்கலாம்.

உங்கள் முட்டை உடையாததற்குக் காரணம் பசை. செய்தித்தாளில் பசை ஊறினால் அது தகடு. டிஷ்யூ பேப்பர் எடுங்கள், பசையை நீர்க்க வையுங்கள். இன்னொரு விஷயம், மெல்லிய வளைந்த ஓடு நசுங்காமல் தாங்கும் திறன் கனத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கனம் 20 சதவீதம் குறைந்தால் 0.8-ஐ 0.8-ஆல் பெருக்குங்கள், 0.64. ஒரு தாள் குறைந்ததற்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பலம் போகிறது. சரியான எடையைத் தேடிப்பிடித்தால் ஒன்று நிற்கும், ஒன்று உட்காரும்.

புதுவரவு எழுதியது:

அருமையான இழை. ஒரு யோசனை: கண்காட்சி முடியும் நாளில் இறந்த பறவைகளின் நினைவாகக் காகித வான்விளக்குகளை எல்லோரும் சேர்ந்து பறக்கவிட்டால் மனதைத் தொடும் இல்லையா? காகிதம்தானே, மக்கிவிடும்.

வெள்ளைத்தாள் எழுதியது:

வேண்டவே வேண்டாம். ஜெர்மனியில் கிரேஃபெல்ட் விலங்குக் காட்சிசாலையில் 2020 புத்தாண்டு இரவில் அப்படிப் பறந்து வந்த காகித விளக்கால்தான் மனிதக்குரங்குக் கூடம் எரிந்தது. ஒராங்குட்டான் உட்பட 30-க்கும் மேற்பட்ட விலங்குகள் செத்தன. அந்த மாநிலத்தில் வான்விளக்குக்கு ஏற்கெனவே தடை இருந்தது. தீ பிடிக்காமல் கீழே விழுந்தாலும் கம்பிச் சட்டம் வயலில் கிடக்கும். காகிதம் மக்கும், கம்பி மக்காது.

புதுவரவு எழுதியது:

ஐயோ, தெரியாது. யோசனையை வாபஸ் வாங்குகிறேன்.

மடிப்பு_மன்னன் எழுதியது:

வெளிச்சம் வேண்டுமென்றால் வேறு மாதிரி. கடலாமைக் குஞ்சுகள் முட்டையிலிருந்து வந்ததும் வெளிச்சமான தொடுவானத்தை நோக்கித்தான் ஓடும். இயற்கையில் அது கடல்பக்கம். கரையில் விளக்கு எரிந்தால் அந்தப் பக்கம் திரும்பி வழி தவறிச் சாகும். ஒரு இருட்டுப் பெட்டி, உள்ளே தரையில் சின்னச் சின்ன வெட்டுக் குஞ்சுகள். பார்ப்பவர் பொத்தானை அழுத்தினால்தான் ஒன்றாவது தெரியும். அழுத்தினால், எல்லாக் குஞ்சுகளும் அவர் விரலைப் பார்த்து வந்துகொண்டிருக்கின்றன. விளக்கை அணைப்பதா, தொடர்ந்து பார்ப்பதா என்று அவரே முடிவு பண்ணட்டும். இன்னும் செய்யவில்லை, யாரும் திருடாதீர்கள்.

கடற்காகம் எழுதியது:

அது நன்றாக வரும்.

கறுப்புத்தாளும் வெள்ளைத்தாளும் மட்டும் கையில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம் விட்டுப்போகிறேன்: மிளகுப் புள்ளி அந்துப்பூச்சி. வெளிர்நிறப் பூச்சி, லைக்கன் என்ற மரப்பாசி படர்ந்த பட்டையில் உட்கார்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. மான்செஸ்டரில் 1848-ல் கறுப்பு வகை முதன்முதலாகக் கண்ணில் பட்டது. ஆலைப் புகை பட்டையில் பாசியைக் கொன்று கரி படிய வைத்தது, வெளிர் பூச்சிகளைப் பறவைகள் பொறுக்கித் தின்றன. 1895 வாக்கில் அங்கே 98 சதவீதம் கறுப்பு. 1956-ல் தூய காற்றுச் சட்டம் வந்து புகை குறைந்ததும் வெளிர் வகை திரும்பியது. ஒரே அச்சில் இரண்டு பூச்சி வெட்டி, பின்தாளை மட்டும் நாளுக்கு நாள் கருக்கிக்கொண்டே போனால் போதும், பூச்சியைத் தொடக்கூட வேண்டாம்.

வகுப்பறை_டீச்சர் எழுதியது:

டிஷ்யூ பேப்பர் முட்டை வேலை செய்தது! காகிதப் பாதம் வைத்து, அதன் மேல் ஒரு தட்டு, தட்டில் ஸ்பூன் ஸ்பூனாக மணல். பிள்ளைகள் எண்ணிக்கொண்டே வந்தார்கள். ஐந்தடுக்கு தாங்கிய மணலில் பாதியைத் தாண்டியதும் நாலடுக்கு சத்தமே இல்லாமல் உட்கார்ந்துவிட்டது. கைதட்டல் இல்லை. "டிடிடி ஒன்றும் பண்ணாது" பையன் நசுங்கினதைக் கையில் எடுத்து விரித்து அடுக்கை எண்ணினான். "ஒரு தாள்தானே டீச்சர் கம்மி?" என்றான். ஆமாம் என்றேன்.

காகிதக்குருவி எழுதியது:

ஆறு வாரம் கழித்து வருகிறேன். பெரிய பறவையைச் சுருட்டி வைத்துவிட்டேன். குஞ்சு ஒன்று செய்தேன்.

பழுப்புப் பொட்டலத் தாளைக் கசக்கிக் கசக்கித் துணி மாதிரி மெத்தென்று ஆக்கி, அதையே நாராகக் கிழித்து ஒட்டினேன். குஞ்சின் பழுப்புத் தூவிக்கு, அதாவது மெல்லிறகுக்கு, அது அப்படியே பொருந்துகிறது. கத்தியே எடுக்கவில்லை, எல்லாம் கை கிழிசல். வயிற்றைத் திறக்கவில்லை, மூடிவிட்டேன். உள்ளே கரையொதுங்கிய நிஜப் பொருள்கள்: மூடிகள், உடைந்த சீப்பு, லைட்டர் இரண்டு, பெயர் தெரியாத கெட்டித் துண்டுகள். வயிற்றுத் தாளை ஈரமாக அழுத்திக் காயவிட்டதால் உள்ளே இருப்பதன் விளிம்புகள் லேசாகப் புடைத்துத் தெரியும். என்ன என்று தெரியாது.

இந்தத் தடவை "தொடாதீர்கள்" பலகை இல்லை. "கையில் எடுக்கலாம்" என்று எழுதி வைத்தேன்.

எடுப்பவர்கள் எல்லோரும் காகிதப் பறவை என்று நினைத்து ஒற்றைக் கையால் தூக்குகிறார்கள். கனம் தெரிந்ததும் மற்றக் கை தானாக அடியில் வருகிறது. அப்புறம் உள்ளே கடகடவென்று ஒரு சத்தம். ஒரு பெண் இரண்டு கையிலும் ஏந்தியபடி கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார். ஆட்டினால் சத்தம் வரும் என்று அசையவில்லை என்று நினைக்கிறேன். பிறகு என்னிடம் கொடுக்காமல், மேசையில் அது இருந்த அதே பக்கம் பார்த்து, மெதுவாகப் படுக்க வைத்தார்.

வயிறு இல்லாமல் ஒன்று யாரும் கேட்கவில்லை.

மடிப்பு_மன்னன் எழுதியது:

படித்துவிட்டு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. கசக்கிய தாளில் மாவுப்பசை நின்றதா? எனக்கு எப்போதும் பிரிந்துவிடுகிறது.

காகிதக்குருவி எழுதியது:

நின்றது. பசையைத் தாளில் தடவாதீர்கள், தூவியின் வேரில் மட்டும் தொட்டு வையுங்கள். முதல் அடுக்கு முழுக்கக் காய்ந்த பிறகுதான் அடுத்தது, அவசரப்பட்டால் மொத்தமாக வழுக்கி வந்துவிடும். கழுத்துப் பக்கம் எனக்கு இரண்டு தடவை வந்தது. கத்திமுனை அண்ணா சொன்ன மாதிரி பூச்சியும் வந்திருக்கிறது, இடது காலை ஓரமாகத் தின்றுகொண்டிருக்கிறது. விட்டு வைத்திருக்கிறேன்.